தவறு தெரியும் தூரம்

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1787இல் சென்னையில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளி அவர் பொறுப்புக்கு வந்தது. அந்த நாட்களில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இதெல்லாம் ஆகாது என்று ஒதுக்கிவிட, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். 1797இல் பெல் இதை லண்டனில் சிறுநூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது.

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மணல்தான். ஓலையில் எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது. மணலில் தப்பாகப் போனால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிள்ளையின் விரல் எந்த இடத்தில் தவறான பக்கம் திரும்புகிறது என்பதை எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணமே பார்க்கலாம். ‘ன’ எழுத வேண்டிய இடத்தில் ஒரு சுழி கூடிப்போனால், எழுத்து முடிவதற்கு முன்பே தெரிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தாம் படித்த திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மணலும் சுவடியும் சட்டாம்பிள்ளையும் அங்கே கண்முன் வருகின்றன. அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் வெளியேதான் நின்றார்கள். பிரம்பும் இருந்தது. எனக்கு அந்தத் திண்ணையின்மேல் ஏக்கம் ஏதுமில்லை. ஆனால் பிள்ளையின் விரலுக்கும் ஆசிரியரின் கண்ணுக்கும் நடுவில் அங்கே இருந்த தூரம் ஒரு முழம்தான். இந்த ஒரு முழத்தைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலாந்து இந்த முறையிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசை வரிசையாக உட்காரவைத்து, சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு பாடத்தை நடத்தி, மேலே ஒரே ஓர் ஆசிரியரை நிறுத்தினார்கள். ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகள் இதற்குப் பேர்போனவை. செலவு குறைவு என்பதால் வசதி படைத்தவர்கள் மகிழ்ந்து ஆதரித்தார்கள். ஆக, ஒரே திண்ணையிலிருந்து இரண்டு சரக்குகள் கப்பலேறியிருக்கின்றன. ஒன்று, பிள்ளையின் தவறை ஆசிரியரின் கண்ணருகே கொண்டுவரும் கருவி. மற்றொன்று, ஆசிரியரைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. அதன் பிறகு வகுப்புக்குள் நுழைந்த எந்தக் கருவியை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டும் அதற்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பாடம் கணிதம். இனி டெட் தேர்வின் இரண்டாம் தாள், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு என்று கடக்க வேண்டிய வாசல்கள் இருக்கின்றன. கருவிகளுக்கு நான் எதிரியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது கைக்கு வந்த அரசு மடிக்கணினிதான் எங்கள் வீட்டின் முதல் கணினி. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால், என்னைப் போன்ற எத்தனையோ பேர் வீட்டில் அதற்கு முன் இல்லாத ஒரு மேசை உருவானது. பி.எஸ்சி. படிக்கும்போது அதில்தான் ஜியோஜீப்ரா பழகினேன். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001இல் முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. வளைவரையின் மீது ஒரு புள்ளியைப் பிடித்து நகர்த்தும்போது தொடுகோடும் கூடவே சாய்ந்துகொண்டு வந்ததைப் பார்த்த அன்றுதான், வகையீடு என்று நான் எழுதிக் குவித்ததற்குப் பொருள் விளங்கியது. இன்று நம் கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் இதே மென்பொருள்தான் பல இடங்களில் வருகிறது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளும் இருக்கின்றன. கையில் போன் இருந்தால் பாடம் காணொளியாக விரியும்.

பள்ளிப் பயிற்சிக்குப் போன இடம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே ஓர் அறையில் ஸ்மார்ட் போர்டு இருந்தது. எட்டாம் வகுப்பை அங்கே அழைத்துப்போய், முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற பாடத்தை ஜியோஜீப்ராவில் காட்டினேன். உச்சியைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் நீளும், குறுகும், சாயும். மூன்று கோணங்களின் அளவுகளும் ஓடி ஓடி மாறும். பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஆளுக்கொரு முறை வந்து இழுத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் நிறுத்திய இடத்தில் கோணங்களைக் குறித்துக்கொண்டு கூட்டுங்கள் என்றேன். இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண், கூட்டி முடித்தும் பென்சிலை எடுக்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூட்டினாள். பிறகு எழுந்தாள்.

“மிஸ், எனக்கு 180.01 வருது.”

போர்டில் இருந்தவை 47.33, 68.42, 64.26. கூட்டினால் 180.01தான். அவள் கணக்கில் குற்றமில்லை. “போர்டு ரிப்பேரு மிஸ்” என்றான் ஒருவன். “இல்லடா, முக்கோணம் கொஞ்சம் பிதுங்கியிருக்கும்” என்றான் இன்னொருவன். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. அவன் விதியைக் காப்பாற்றாமல் கண்ணால் கண்டதைக் காப்பாற்றப் பார்த்தான்.

அந்த வகுப்பின் மீதி நேரம் முழுவதும் அந்த 0.01க்கே போனது. ஒன்றை மூன்றால் வகுத்து, இரண்டு தசம இடத்தோடு நிறுத்தி, வந்ததை மூன்று முறை கூட்டச் சொன்னேன். 0.99 என்று வந்ததும் சிலருக்குப் பொறி தட்டியது. “மீதி 0.01 எங்க போச்சு?” என்று தேட ஆரம்பித்தார்கள். திரை ஒவ்வொரு கோணத்தையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டுகிறது, அந்த முழுமையாக்கலில்தான் ஒரு துளி கூடிவிட்டது என்பதை அவர்களே சொன்னார்கள். அடுத்த கேள்வியும் அவர்களுடையதே: அப்படியென்றால் சரியாக 180தான் என்று எப்படித் தெரியும்? திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனோம். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு, ஒன்றுவிட்ட கோணங்கள், ஒரு நேர்கோடு. அங்கே எதையும் அளக்க வேண்டியதில்லை. நிரூபணம் எதற்காக என்று எட்டாம் வகுப்புக்கு நான் தனியாக விளக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

இந்த வகுப்பைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஸ்மார்ட் போர்டு இல்லாமல் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. ஆனால் போர்டு மட்டும் இருந்திருந்தாலும் பிறந்திருக்காது. அதே பாடத்துக்கு நல்ல காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் எல்லாம் கோணங்கள் 60, 70, 50 என்று முழு எண்களில் சிரித்துக்கொண்டு நிற்கும், கூடுதல் 180 என்று அறிவித்துவிட்டுக் காட்சி நகர்ந்துவிடும். பாடத்தைத் திறந்துவிட்டது அந்தப் பெண் நோட்டில் பென்சிலால் கூட்டியதும், கூட்டி முடித்தவள் ஏன் இன்னும் குனிந்திருக்கிறாள் என்று கவனிக்க நான் திரையை விட்டு விலகி நின்றதும்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நடந்தது வேறு விதம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினி முன் உட்காரவைத்து, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையில் ஒரு தேர்வு நடந்தது. முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் தயார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்ன கேள்வியில் வகுப்பில் பலர் 2/5 என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டியல் அதைத் தவறு என்று சொன்னது. அதற்கு மேல் சொல்ல அதற்கு வழியில்லை. ‘பின்னங்கள்: மீள்கற்பித்தல் தேவை’ என்று நான் பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம், பலரும் எழுதுவது அதுதான்.

ஒரு பையனை அழைத்து நோட்டில் செய்யச் சொல்லி, செய்யும்போதே என்னிடம் சொல்லச் சொன்னேன். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டினான். ஏன் என்று கேட்டேன். “முதல் ஆட்டத்துல ரெண்டு பந்துல ஒரு சிக்ஸு. அடுத்த ஆட்டத்துல மூணு பந்துல ஒரு சிக்ஸு. மொத்தம் அஞ்சு பந்துல ரெண்டு சிக்ஸு. சரிதானே மிஸ்?”

சரிதான். சிக்ஸருக்கு அது முற்றிலும் சரி. அவன் சிந்திக்காமல் தவறு செய்யவில்லை. வேறொரு சரியான கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்திவிட்டான். இரண்டு ஆட்டங்களிலும் பந்துகளின் மொத்தம் வேறு வேறு, கூட்டும்போது மொத்தங்களும் கூடுகின்றன. பின்னக் கூட்டலில் முழுமை என்பது ஒன்றே ஒன்று, அது கூடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘மீ.சி.ம. எடு’ என்று எத்தனை முறை மீள்கற்பித்தாலும் அவன் மனத்துக்குள் அந்தக் கிரிக்கெட் கணக்கு அப்படியே இருக்கும். தேர்வுக்குத் தேர்வு அது எட்டிப்பார்க்கும். ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்துப் பாதியாக மடிக்கச் சொன்னேன். பிறகு கேட்டேன்: “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, பாதியைவிடக் குறைஞ்சு போகுமா?” 2/5 அரையைவிடச் சிறியது என்று அவனுக்குத் தெரியும். பட்டையையும் விடையையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப இது பந்து மாதிரி இல்ல” என்றான். அதற்குப் பிறகு மீ.சி.ம. அவனுக்குத் தேவையான பொருளாகிவிட்டது.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை எல்லோரோடும் செய்ய முடியுமா என்ற கேள்வி நியாயமானது. திண்ணையின் ஒரு முழ தூரத்தை ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வந்து உட்காரும் பள்ளியில் எதிர்பார்க்க முடியாது. எல்லோரும் வந்ததுதான் நம் பள்ளிகளின் பெருமை. 2009 கல்வி உரிமைச் சட்டமே உயர்தொடக்க வகுப்புகளுக்கு 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்திருக்கிறது. தொழில்நுட்பம் உதவ வேண்டிய இடம் உண்மையில் இதுதான். ஆசிரியரால் ஒரு நேரத்தில் ஒரு நோட்டைத்தான் பார்க்க முடியும். அந்த ஒரு நோட்டில் இருப்பதை வகுப்பே பார்க்கும்படி செய்ய முடிந்தால்?

பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வழி மிகச் சாதாரணமானது. பிள்ளைகளின் நோட்டில் கண்ட தவறான கணக்கை, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் தெரியாமல் போனில் படமெடுத்துத் திரையில் போட்டேன். சரியான விடையை அல்ல, தவறானதை. “இதைச் செஞ்சவங்க என்ன நினைச்சுச் செஞ்சிருப்பாங்க?” என்பது மட்டும்தான் கேள்வி. எங்கே தப்பு என்று கேட்டால் பிள்ளைகள் போலீஸ்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்டால் யோசிக்கிறார்கள். ‘இது நானும் செய்வேன்’ என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். உடனே இன்னும் இரண்டு. ஒருமுறை கையெழுத்தை அடையாளம் கண்டு கேலி தொடங்கியது; அடுத்த நாளிலிருந்து அடித்தலும் அழித்த தடமும் விடாமல் நானே என் கையெழுத்தில் நகலெடுத்துப் போட்டேன். இதற்கு ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்பதுகூட இல்லை, பழைய புரொஜெக்டர் போதும். மின்சாரம் இல்லாத நாளில் கரும்பலகையில் எழுதினாலும் ஆயிற்று. ஆனால் திரையில் அந்த நோட்டின் கோடுகளும் அடித்தல்களும் அழித்த தடமும் அப்படியே தெரியும்போது அதற்கொரு மதிப்பு வந்துவிடுகிறது. பின்தங்கியவர் என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளை, தன் கணக்கைப் பற்றி வகுப்பே கால் மணி நேரம் பேசுவதை உட்கார்ந்து கேட்பது சிறிய விஷயம் இல்லை.

நான் கண்டது ஒரு பள்ளியின் சில வகுப்புகள்தான். பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதே திசையில் இருக்கிறது. குஜராத்தில் கியான் ஷாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் கணினிவழிக் கணிதப் பயிற்சியை லீ லிண்டன் ஆராய்ந்து 2008இல் எழுதினார். ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். அதே மென்பொருளை வகுப்பு நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கொடுத்த இடத்தில் முன்னேறினார்கள். டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகியோர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது, பள்ளி நேரத்துக்கு வெளியே இயங்கிய மையங்களில் பிள்ளைகள் பயன்படுத்திய ஒரு மென்பொருளைப் பற்றியது. பல வகுப்புகள் பின்தங்கியிருந்த பிள்ளைகள் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. எந்த இடத்தில் தவறுகிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒவ்வொரு பி.எட். வகுப்பிலும் படிக்க வேண்டும்.

பிள்ளை தவறும் இடத்தைப் பார்க்காமல் பாடத்தை மட்டும் அனுப்பும் ஒளிபரப்பின் கதையோ நெடியது. திரைப்படம் வந்தால் பாடப்புத்தகமே தேவைப்படாது என்று 1913இலேயே எடிசன் சொன்னார். 1975-76இல் இந்தியா ஒரு செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோய்க் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஓராண்டுக்குள் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட, அதுவே பல லட்சம் வீடுகளில் பள்ளியாக இருக்க வேண்டிய நிலை வந்தது. அதை நடத்தியவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வேறு எதுவும் எட்டாத வீட்டுக்கு அது எட்டியது. ஆனால் நான் பயிற்சிக்குப் போனபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், 2020இல் நான்காம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்கள். தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1இல். பின்னம் பழக வேண்டிய காலம் முழுவதும் அவர்களுக்குப் பாடம் வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் நோட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பையனின் சிக்ஸர் கணக்கை நான்காம் வகுப்பிலேயே ஓர் ஆசிரியர் பார்த்திருந்தால், ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில் தொடங்கியபோது தன்னார்வலர்கள் தெருவுக்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தது, திரையால் முடியாத அந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. எனக்கு வழிகாட்டிய ஆசிரியை இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர். பிள்ளை விடையை எழுதிய மாதிரியைப் பார்த்தே, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதா, மனக்கணக்கில் தடுமாறியதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண்களை முதல் பாடவேளையில் போன் திரைமேல் பார்த்தேன். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, பிறகு ஏதோ ஒரு படிவம், நெட்வொர்க் கிடைக்காமல் ஜன்னலோரம் நகர்தல். பிள்ளைகள் வரிசையாக நோட்டோடு நின்றார்கள். “கொஞ்சம் பொறுங்கடா” என்று அவர் சொன்ன குரலில் சலிப்பைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. எமிஸ் பணியிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும் என்பது ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கோரிக்கை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேலைப்பளு பற்றிய புகாராகத் தெரியலாம். வகுப்பில் நின்று பார்த்தால் தெரிவது, பிள்ளையின் நோட்டுக்குச் சேர வேண்டிய நேரம் வேறெங்கோ போகிறது என்பதுதான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது, நான் பி.எட். சேரும் முன்பே செயற்கை நுண்ணறிவு எங்கள் தலைமுறையின் கைக்கு வந்துவிட்டது. விடுதியில் பாடக்குறிப்பு எழுதப் பலரும் அதைக் கேட்கிறார்கள். கற்றல் விளைவு, ஆயத்தப்படுத்துதல், வலுவூட்டல், மதிப்பீடு என்று கேட்ட கட்டமெல்லாம் நிரம்பி வருகிறது. அந்த வகுப்பின் பிள்ளைகள் மட்டும் அதில் இல்லை. நானும் பயன்படுத்துகிறேன், வேறு விதமாக. 2/5 என்று எழுதுபவர்களுக்கென்றே, அரையோடு ஒப்பிட்டால் தவறு தெரிந்துவிடும் கணக்குகளாகப் பத்துத் தா என்று கேட்பேன். வந்தவற்றில் சிலவற்றை அடித்துவிட்டு, சிலவற்றைத் திருத்தி எடுத்துக்கொள்வேன். தவறைக் கண்டுபிடிப்பது என் வேலையாக இருக்கும்வரை, அதற்கான பயிற்சிக் கணக்கை யார் எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

பிள்ளைகளின் பக்கம் நிலைமை கடினம். கணக்கைப் படமெடுத்தால் படிப்படியாக விடை காட்டும் செயலிகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. வீட்டுப்பாட நோட்டுகள் பிழையில்லாமல், எல்லாம் ஒரே மாதிரி வர ஆரம்பித்துவிட்டன. இதில் ஒழுக்கக் கேடு என்று கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. தவறுக்கு அடியும் ஏச்சும் கிடைக்கும் இடத்தில், தவறை மறைக்க ஒரு வசதி கிடைத்தால் எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே, நான் ஆசிரியராகும்போது வீட்டுக்குக் கணக்கு கொடுப்பதைக் குறைத்து, வகுப்பிலேயே, என் கண் முன்னே செய்ய வைப்பேன். விளக்கத்தை வேண்டுமானால் வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வரட்டும். 2023இல் வந்த மணற்கேணி செயலியில் தமிழ்நாட்டுப் பாடங்களுக்கான காணொளிகள் இருக்கின்றன. வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலேயே அதற்கு நேரமும் கருவியும் தர வேண்டும். தராவிட்டால் இந்த யோசனையே அநியாயம்.

கல்வியியல் கல்லூரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, பள்ளியில் பதினாறு வாரப் பயிற்சி அதில் இருக்கிறது. ‘தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் குறித்த விமர்சனப் புரிதல்’ என்று ஒரு தாளே பாடத்திட்டத்தில் உண்டு. அப்படியிருந்தும் செய்முறைத் தேர்வன்று வெளித்தேர்வாளர் முன்னால் மேசையில் பரப்பி வைப்பவை துணைக்கருவிகளும் பிபிடிகளும் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகளும்தான். எத்தனை செயலி பயன்படுத்தினாய் என்று கேட்கிறார்கள். எந்தப் பிள்ளை எங்கே தவறியது, அதற்கு அந்தப் பிள்ளை என்ன காரணம் சொன்னது, அதைக் கேட்டபின் உன் பாடத்தில் எதை மாற்றினாய் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றையும் எழுதும் ஒரு பிழைப் பதிவேட்டை மதிப்பெண்ணுக்குரியதாக்குங்கள். ஒவ்வொரு பயிற்சி மாணவரும் பத்துப் பிள்ளைகளின் பத்துத் தவறுகளைப் பெயரில்லாமல், படத்தோடு, பிள்ளையின் வாய்மொழியோடு கொண்டுவரட்டும். ஸ்மார்ட் போர்டையும் செயற்கை நுண்ணறிவையும் அதற்கு எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று அதன் பிறகு கேளுங்கள்; பதில்கள் வேறு மாதிரி வரும். அடுத்த அணி பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே இதைச் செய்துவிடலாம். இதற்காகப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.